பட்டை ஏறுகிறது, வெளிச்சம் ஏறவில்லை

“லேப்டாப்பில் லினக்ஸ் போட்டேன். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான்கள் வேலை செய்கின்றன. வெளிச்சப் பொத்தானை அழுத்தினால் திரையில் பட்டை ஏறி இறங்குகிறது, ஆனால் வெளிச்சம் இம்மியும் மாறவில்லை. பொத்தான் பழுதா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பொத்தான் நன்றாகத்தான் இருக்கிறது. பட்டை அசைகிறதே, அதுவே சாட்சி. பொத்தானிலிருந்து திரை விளக்குக்கு நேராகக் கம்பி எதுவும் ஓடவில்லை. பொத்தான் ஒரு செய்தியைத்தான் அனுப்புகிறது. மேசைச்சூழல் (சாளரங்களையும் பட்டைகளையும் திரையில் காட்டும் மென்பொருள்) அதைக் கேட்டு, எவ்வளவு கூட்டலாம் என்று கணக்குப் போட்டு, ஓர் எண்ணை ஒரு கோப்பில் எழுதுகிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அந்த எண்ணை வன்பொருளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஒலிப் பொத்தானின் பயணமும் இப்படித்தான் தொடங்கும். ஆனால் ஒலியைப் பெரும்பாலும் மென்பொருளே பெருக்கிவிடலாம். வெளிச்சத்துக்கு அந்த வசதி கிடையாது. ஒரு மின்சுற்று வரை போயே ஆக வேண்டும், அந்தச் சுற்றை அடையும் வழியோ மாடலுக்கு மாடல் மாறும்.

ஆகவே கோளாறு தேடும்போது பாதையை நடுவில் வெட்டிப் பார்ப்பதே நல்லது.

முதல் பாதி, பொத்தானிலிருந்து மேசைச்சூழல் வரை. எஃப்என் சேர்த்து அழுத்துவதைக் கவனிப்பது விசைப்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லு. சில மாடல்களில் அது சாதாரண எழுத்து விசை போலவே செய்தியை அனுப்பும். வேறு சிலவற்றில் ஃபர்ம்வேர், அதாவது தயாரிப்பாளர் லேப்டாப்பிலேயே பதித்துவைத்த மென்பொருள், வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். எப்படி வந்தாலும் கெர்னல் கடைசியில் அதை ஒரே எண்ணாக மாற்றிவிடும்: குறைக்க 224, கூட்ட 225. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் ஈவ்டெஸ்ட் என்ற கருவியை ஓடவிட்டுப் பொத்தானை அழுத்தினால் இந்த எண்களைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு விஷயம், பட்டியலில் விசைப்பலகையை மட்டும் தேர்ந்தெடுத்துப் பார்த்துவிட்டு ‘எதுவும் வரவில்லை’ என்று முடிவுகட்டக் கூடாது. பல லேப்டாப்களில் இந்தச் செய்தி ‘வீடியோ பஸ்’ என்ற பெயரில் தனியாக வரும்.

எதிலுமே வரவில்லை என்றால் கெர்னலின் பதிவேட்டைப் பாருங்கள். ‘தெரியாத விசை அழுத்தப்பட்டது’ என்ற பொருளில் ஒரு வரியும் அதில் ஒரு குறியீட்டு எண்ணும் இருந்தால், அந்த எண்ணுக்கு இன்ன விசை என்று சாதனங்களை அடையாளம் காணும் யூடெவ் அமைப்பின் வன்பொருள் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஐ3, ஸ்வே போன்ற எளிய சாளர மேலாளரை முழு மேசைச்சூழலுக்குப் பதிலாக வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு: செய்தி ஒழுங்காக வருகிறது, கேட்கத்தான் ஆளில்லை. பிரைட்னஸ்கன்ட்ரோல் போன்ற சிறு கருவியைப் பொத்தானோடு இணைத்துவிட்டால் சரியாகிவிடும்.

நம் வாசகருக்கு இந்தப் பாதியில் சிக்கல் இல்லை. இனி இரண்டாம் பாதி.

கணினியின் ‘சிஸ்’ கோப்புறைக்குள் ‘கிளாஸ்’, அதற்குள் ‘பேக்லைட்’ என்று ஒரு கோப்புறை இருக்கிறது. திரை விளக்கை ஆளுவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒவ்வொரு டிரைவரும் (வன்பொருளை இயக்கும் நிரல்) இங்கே தன் பெயரில் ஒரு கோப்புறை வைத்திருக்கும். இன்டெல் கிராஃபிக்ஸ் என்றால் ‘இன்டெல் பேக்லைட்’, ஃபர்ம்வேர் வழி என்றால் ‘ஏசிபிஐ வீடியோ 0’. உள்ளே ‘பிரைட்னஸ்’ என்ற கோப்பில் இப்போதைய அளவு, ‘மேக்ஸ் பிரைட்னஸ்’ என்பதில் உச்ச அளவு. ரூட் (நிர்வாகி) அனுமதியோடு முதல் கோப்பில் உச்சத்தின் பாதியை எழுதிப் பாருங்கள். திரை மங்கினால் இந்த வழி உயிரோடு இருக்கிறது. பூஜ்யத்தை மட்டும் எழுதிவிடாதீர்கள். சில திரைகள் அதை ‘முழுதாக அணை’ என்று எடுத்துக்கொள்ளும், பிறகு இருட்டில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

அந்த உச்ச எண்ணை ஒரு நிமிடம் பாருங்கள். பெரும்பாலும் 100 என்று வட்டமாக இருக்காது. இன்டெல் கணினிகளில் 19200, 96000 என்று விசித்திரமாக இருக்கும். எல்சிடி திரைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி விளக்குகளைப் பெரும்பாலும் மிக வேகமாக ஏற்றி அணைத்துத்தான் மங்க வைக்கிறார்கள். எரியும் நேரம் கூடினால் வெளிச்சம் கூடும். கிராஃபிக்ஸ் சில்லின் கடிகாரம் நொடிக்கு 1 கோடியே 92 லட்சம் முறை துடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை ஏற்றி அணைக்கும் சுற்றுக்கு 96000 துடிப்பு ஒதுக்கினால் நொடிக்கு 200 சுற்று. அதாவது அந்தக் கோப்பில் இருக்கும் 96000 என்பது ஒரு சுற்றின் நீளம். நீங்கள் 24000 என்று எழுதினால் ‘ஒவ்வொரு சுற்றிலும் கால் பங்கு நேரம் எரி’ என்று பொருள். மங்கலான திரையில் கண் வலிக்கிறது என்று சிலர் சொல்வது பெரும்பாலும் இந்த 200 போன்ற குறைந்த வேகத் திரைகளைப் பற்றித்தான்.

சரி, எண் எழுதப்படுகிறது, பட்டை அசைகிறது, விளக்கு ஏன் அசையவில்லை? எண் தவறான ஆளிடம் போகிறது. எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

லேப்டாப்பின் ஃபர்ம்வேருக்குள், ஏசிபிஐ என்ற பொது விதிமுறைப்படி தயாரிப்பாளர் எழுதிவைத்த குட்டி நிரல்கள் இருக்கின்றன. அவற்றைப் படித்து இயக்குவது கெர்னல். வெளிச்சத்துக்கு மூன்று நிரல்கள் முக்கியம். பிசிஎல் எனப்படுவது படிகளின் பட்டியலைத் தரும். அதில் முதல் இரண்டு எண்கள் மின்சாரத்தில் ஓடும்போதும் பேட்டரியில் ஓடும்போதும் வைக்க வேண்டிய அளவுகள், மூன்றாவதிலிருந்துதான் படிகள். பிசிஎம் கேட்ட படிக்கு மாற்றும். பிக்யூசி இப்போது எந்தப் படி என்று சொல்லும். காகிதத்தில் எல்லாம் அழகாக இருக்கிறது.

இந்த ஃபர்ம்வேருக்கு ஒரு பழக்கம் உண்டு, எதிரில் இருக்கும் இயங்குதளம் எது என்று விசாரிக்கும். ‘விண்டோஸ் 2009’ தெரியுமா? அது விண்டோஸ் 7. ‘விண்டோஸ் 2012’ தெரியுமா? அது விண்டோஸ் 8. லினக்ஸ் எல்லாவற்றுக்கும் ‘தெரியும்’ என்று தலையாட்டும். ‘லினக்ஸ்’ தெரியுமா என்று கேட்டால் மட்டும் ‘தெரியாது’ என்று கையை விரித்துவிடும்! குறும்புக்காக அல்ல. தயாரிப்பாளர்கள் சோதித்துப் பார்ப்பது விண்டோஸோடு மட்டும். லினக்ஸுக்கென்று அவர்கள் எழுதும் பகுதி சோதிக்கப்படாமல் கிடந்து, உதவுவதற்குப் பதில் தொல்லைதான் கொடுத்தது. விண்டோஸ் போல நடித்தால் நன்கு சோதித்த பாதையில் போகலாம்.

இந்த நடிப்புக்கும் ஒரு விலை இருக்கிறது. விண்டோஸ் 8 முதல் வெளிச்சத்தை கிராஃபிக்ஸ் டிரைவரே நேராகப் பார்த்துக்கொள்கிறது, ஃபர்ம்வேரின் பிசிஎம் நிரலை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிடாத நிரலைச் சோதிப்பார் யார்? சில லேப்டாப்களில் அது கொடுத்த எண்ணை வாங்கிக்கொள்ளும், நினைவில் வைத்துக்கொள்ளும், கேட்டால் அதே எண்ணைத் திருப்பிச் சொல்லும், விளக்கைத் தொடவே தொடாது. பேக்லைட் கோப்புறையில் இப்படிப்பட்ட ‘ஏசிபிஐ வீடியோ 0’ ஒன்றும், உண்மையாக வேலை செய்யும் ‘இன்டெல் பேக்லைட்’ ஒன்றும் அருகருகே இருந்தால் மேசைச்சூழல் எதை எடுக்கும்? ஃபர்ம்வேருக்கே முன்னுரிமை என்பது பழைய வழக்கம். பட்டை ஏறும், வெளிச்சம் ஏறாது.

2022 டிசம்பரில் வந்த 6.1 கெர்னலில் இதை ஒழுங்குபடுத்தினார்கள். ஒரு திரைக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு, எது என்பதைக் கெர்னலே முடிவுசெய்யும். ஹான்ஸ் டி கோட என்ற நிரலாளர் செய்த வேலை. ஆகவே உங்கள் கெர்னல் அதைவிடப் பழையது என்றால் முதலில் புதுப்பியுங்கள். பலருக்கு அதற்கு மேல் படிக்க வேண்டிய அவசியமே வராது.

கெர்னலின் கணிப்பும் சில மாடல்களில் தவறும். அதற்காக மூலநிரலில் ஒரு விதிவிலக்குப் பட்டியல் இருக்கிறது, ‘இந்த மாடலா, இந்த வழியில் போ’ என்று. பெரும்பாலும் யாரோ ஒருவர் தன் லேப்டாப்பில் சோதித்து, மாடல் பெயரோடு தெரிவித்ததன் பலன் அதன் ஒவ்வொரு பதிவும். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறேன் என்றால் நிதி தர அரசும் நிறுவனமும் வரிசையில் நிற்கின்றன. இருப்பதைப் பழுதில்லாமல் வைத்திருக்கும் இந்த மாதிரி வேலைக்கு யார் தருகிறார்கள்? என் வருத்தம் அது.

உங்கள் மாடல் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் நீங்களே சொல்லலாம். கணினி தொடங்கும்போது கெர்னலுக்குத் தரும் வரியில் ‘ஏசிபிஐ பேக்லைட்’ என்ற அமைப்புக்கு ஒரு மதிப்பு கொடுக்க வேண்டும். ‘நேட்டிவ்’ என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர், ‘வீடியோ’ என்றால் ஃபர்ம்வேர், ‘வெண்டார்’ என்றால் தயாரிப்பாளருக்கென்று உள்ள தனி டிரைவர். இங்கேதான் மூடநம்பிக்கை புகுந்து விளையாடுகிறது. எங்கோ யாருக்கோ பலித்த ஏழெட்டு அமைப்புகளைச் சேர்த்துத் தாயத்துபோலக் கட்டிக்கொள்கிறார்கள். எது பலித்தது, எது வேறொன்றைக் கெடுத்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது. ‘லினக்ஸ் என்று சொல்’ என்ற பழைய அமைப்பும் அதில் தவறாமல் இருக்கும். மேலே படித்தீர்களே, அந்தப் பெயரைச் சொல்லாமலிருக்கக் கெர்னலுக்குக் காரணம் இருக்கிறது.

ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் ஈ விசையை அழுத்தி, கெர்னல் வரியின் கடைசியில் சேர்த்துத் தொடங்கினால் அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டும்தான் அது செல்லும், கெட்டாலும் மறுதொடக்கத்தில் போய்விடும். பலித்த பிறகு கிரப் அமைப்புக் கோப்பில் நிரந்தரமாக எழுதினால் போதும். அப்படியே மாடல் பெயர், கெர்னல் பதிப்பு, பேக்லைட் கோப்புறையில் இருந்த பெயர்கள், பலித்த மதிப்பு நான்கையும் உங்கள் விநியோகத்தின் (நீங்கள் நிறுவிய லினக்ஸ் வகையின்) பிழைப் பதிவேட்டில் போட்டுவையுங்கள்.

ஓஎல்இடி திரைக்குப் பின்விளக்கே கிடையாது. அங்கே வெளிச்சத்தின் அளவு, படம் போகும் கேபிளிலேயே உள்ள ஒரு துணைத்தடம் வழியாகக் கட்டளையாகப் போகிறது, கெர்னல் அதையும் அதே பேக்லைட் கோப்புறையில்தான் காட்டும். தனியாக இணைக்கும் மானிட்டர் பொதுவாக அந்தக் கோப்புறைக்குள் வராது. பொத்தானை அழுத்தினால் லேப்டாப் திரை மட்டும் மங்குவது அதனால்தான். மானிட்டரை மாற்ற டிடிசியூட்டில் என்ற வேறு கருவி இருக்கிறது.