கிலோமீட்டரை வகுத்தால் பயண நேரம் வராது

டிக்கெட் எடுக்க என் மேசைக்கு வருபவர்களில் பலர் ஒரு கணக்கோடுதான் வருகிறார்கள். இத்தனை ஆயிரம் கிலோமீட்டர், விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும், வகுத்தால் இவ்வளவு நேரம். நீங்கள் ஏன் இரண்டு மணி நேரம் கூட்டிச் சொல்கிறீர்கள்? வகுத்தல் சரிதான், எடுத்துக்கொண்ட எண்கள்தாம் காலை வாருகின்றன.

இணையத்தில் காட்டும் தூரம், பூமி உருண்டையின் மேல் இரண்டு நிலையங்களுக்கு நடுவே இழுத்த மிகக் குறுகிய கோடு. அந்தக் கோட்டில் பறக்க அனுமதி கிடைக்க வேண்டுமே! 2022-இல் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியதும், ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரமாக இருந்த பயணம் ஏறத்தாழ 13 மணி நேரமாகிவிட்டது.

அடுத்தது காற்று. மேலே பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் கூடும். லண்டனிலிருந்து நியூயார்க் போக எட்டு மணி நேரம் என்றால், திரும்பி வர ஏழு போதும். 2020 பிப்ரவரியில் பின்காற்று பலமாகத் தள்ளியதில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. அதை நம்பி யாரும் திட்டம் போட முடியாது.

டிக்கெட்டில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊரின் நேரங்கள். குளிர்காலத்தில் டோக்கியோவில் மாலை 5 மணிக்கு ஏறினால், பத்து மணி நேரம் பறந்து, அதே தேதி காலை 10 மணிக்கு லாஸ் ஏஞ்சலிஸில் இறங்கலாம். அச்சுப்பிழை என்று சண்டைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். மொத்தப் பயண நேரம் என்று தனியாக ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள். விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகர்வது முதல் போய் நிற்பது வரை, ஓடுபாதைக்காகக் காத்திருக்கும் நேரமும் அதில் சேர்த்தி.

நடுவில் விமானம் மாற வேண்டியிருந்தால்தான் உண்மையான சிக்கல். மலிவு என்பதற்காக இரண்டு நிறுவனங்களில் தனித்தனி டிக்கெட் எடுத்து, நடுவே ஒன்றரை மணி நேரம் விட்டுக்கொண்டு வருகிறார்கள். முதல் விமானம் நாற்பது நிமிடம் தாமதமானால் மிச்சம் ஐம்பது நிமிடம். அதற்குள் குடிவரவு வரிசையைக் கடந்து, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். பெட்டி வாங்கும் கவுன்டரோ புறப்பாட்டுக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். ஒரே முன்பதிவில் இரண்டு விமானங்களும் இருந்தால், தவறவிட்டவரை அடுத்த விமானத்தில் ஏற்றுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அப்படித்தான் போவேன் என்பவர்களிடம் ஆறு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்வேன். நாளின் கடைசி விமானம் என்றால், முந்தைய நாளே அந்த ஊருக்குப் போய்த் தங்கிவிடச் சொல்வேன்.