ரெப்ளிகா: நேர்படி

பழங்காலக் கப்பலைப் போலவே ஒன்று கட்டி, அது போன வழியிலேயே கடலோடிப் பார்க்கிறார்களே, அந்தக் கப்பலை 'ரெப்ளிகா' என்கிறார்கள். தமிழில் 'மாதிரி' என்று எழுதினால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் குட்டிக் கப்பல்தான் கண்ணில் நிற்கும். 'நகல்' என்றால் ஜெராக்ஸ் கடை. 'போலி'யைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சொல் இத்தாலியம். மூலம் லத்தீனின் 'ரெப்ளிகாரே': திரும்ப மடிப்பது, அதிலிருந்து திரும்பச் செய்வது. ஓவியத் துறையில் இதற்கு ஒரு கண்டிப்பு உண்டு. மூல ஓவியத்தை வரைந்தவரே மறுபடி வரைந்தால்தான் ரெப்ளிகா. கப்பலுக்கு அது ஒத்துவராது. கட்டிய தச்சர் போய்ச் சேர்ந்து ஆயிரம் வருஷம் ஆகியிருக்கும்.

'நேர்படி' எனலாம். ஓலைச்சுவடியைப் படியெடுப்பது, கல்வெட்டுப் படி என்று நமக்குப் பழகிய 'படி'தான் இது. மூலத்தை மாற்றாமல் எடுப்பது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது.

இதற்குச் சரியாகப் பொருந்துவது 'ஜூவல் ஆஃப் மஸ்கட்' என்ற கப்பல். 1998இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே 9ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்று கிடைத்தது. உள்ளே சுமார் 60,000 சீனப் பீங்கான் பொருள்கள்! அதன் எச்சங்களை ஆராய்ந்து, ஆணி அடிக்காமல், பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்து, ஓமானில் சுமார் 18 மீட்டர் நீளத்தில் கட்டினார்கள். 2010 பிப்ரவரியில் கிளம்பி கொச்சி, இலங்கையின் காலி, மலேசியாவின் பினாங்கு வழியாக ஜூலையில் சிங்கப்பூர் சேர்ந்தது.

ஹவாயின் 'ஹோகுலேயா' என்ற பாய்மரப் படகின் கதை வேறு. 1976இல் மௌ பியைலுக் என்ற மைக்ரோனேசிய மாலுமி, திசைகாட்டி இல்லாமல் விண்மீனையும் அலையையும் பார்த்தே அதைத் தாஹித்தி வரை கொண்டுபோனார். ஆனால் படகின் உடம்பு பிளைவுட்டும் ஃபைபர்கிளாஸும். பழைய படகு எப்படி ஓடியிருக்கும் என்பதுதான் அங்கே சோதனை. மரத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. நேர்படி என்றால் ஓட்டத்தில் மட்டும்தான்.

2025 டிசம்பரில் போர்பந்தரிலிருந்து மஸ்கட்டுக்குப் புறப்பட்ட இந்தியக் கடற்படையின் 'கௌண்டின்யா'வும் தைத்த கப்பல்தான். அதற்கு மூலமாக இருந்தது அஜந்தா குகையின் 5ஆம் நூற்றாண்டு ஓவியம். கப்பலே கிடைக்காதபோது எதைப் படியெடுப்பது? அதை 'மீட்டுருவாக்கம்' என்று எழுதுவதே சரி.