பட்டனை அழுத்தியதும் ஏன் உடனே குதிப்பதில்லை?

வீடியோ கேமில் பள்ளத்தை நோக்கி ஓடுகிறோம். விளிம்பு வந்ததும் சரியாகக் குதிக்கும் பட்டனை அழுத்துகிறோம். ஆனாலும் கதாபாத்திரம் இன்னும் ஓரடி ஓடி, பள்ளத்துக்குள் விழுந்துவிடுகிறது. முதலில் நம் விரல் மேல்தான் சந்தேகம் வரும். பல சமயம் தவறு விரலில் இல்லை, டிவியில்தான்.

இன்றைய டிவி தனக்கு வரும் படத்தை அப்படியே காட்டுவதில்லை. புள்ளிப் புள்ளியாகத் தெரியும் இரைச்சலைத் துடைக்கும், ஓரங்களைக் கூர்மையாக்கும். அசைவு வழுக்கிக்கொண்டு போவதுபோல் தெரிய, இரண்டு ஃபிரேம்களுக்கு (அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படங்களுக்கு) நடுவே தானே ஒன்றை உருவாக்கிச் செருகும். இந்தக் கடைசி வேலைதான் வில்லங்கம். நடு ஃபிரேமைக் கணக்கிட அடுத்த ஃபிரேமும் கையில் இருக்க வேண்டும். அதனால் வந்ததைக் காட்டாமல் பிடித்து வைத்துக்கொண்டு டிவி காத்திருக்கிறது. சினிமாவில் ஒலியையும் அதே அளவு தள்ளிவைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. விளையாட்டில் அந்தத் தாமதம் விரலுக்கும் கண்ணுக்கும் நடுவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

டிவி அமைப்பில் உள்ள கேம் மோட் இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிடுகிறது. படம் கொஞ்சம் சாதுவாகிவிட்டதே என்று சிலர் அதை அணைத்துவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரே ஒரு அமைப்பைத்தான் மாற்றலாம் என்றால் நான் இதைத்தான் மாற்றுவேன். ஏஎல்எல்எம் வசதி உள்ள டிவியில், விளையாட்டு தொடங்கியதும், டிவியோடு இணைத்த விளையாட்டுப் பெட்டியான கன்சோலே இந்த மோடுக்கு மாறச் சொல்லிவிடும்.

அப்புறம், விளையாட்டுக்குள்ளேயே வரும் கேள்வி: தரமா, வேகமா? 4கே திரையில் சுமார் 83 லட்சம் பிக்சல்கள் (படப் புள்ளிகள்) உண்டு. 1080பி திரையில் இருப்பதைப்போல் சரியாக நான்கு மடங்கு. வினாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால், ஒவ்வொன்றையும் 16.7 மில்லிசெகண்டுக்குள் வரைந்து முடிக்க வேண்டும். 30 போதும் என்றால் 33.3 மில்லிசெகண்ட் கிடைக்கிறது. அந்தக் கூடுதல் நேரத்தைத்தான் தர மோட் நிழலுக்கும் ஒளிக்கும் செலவழிக்கிறது. சண்டை, கார்ப் பந்தயம் போன்றவற்றுக்கு வேக மோடே சரி. நிதானமாகச் சுற்றிப் பார்க்கும் விளையாட்டுக்குத் தர மோட் தாராளமாகப் போதும்.

சில விளையாட்டுகளில் 40 ஃபிரேம் என்று மூன்றாவது தேர்வும் இருக்கும். 30-ஐ விடப் பத்துதானே அதிகம் என்று தோன்றலாம். நேரக் கணக்கில் பாருங்கள்: 40 என்றால் ஒரு ஃபிரேமுக்கு 25 மில்லிசெகண்ட். 33.3-க்கும் 16.7-க்கும் சரியான நடுப்புள்ளி அது! ஆனால் இதற்கு 120 ஹெர்ட்ஸ் திரை, அதாவது வினாடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரை வேண்டும். 120-ஐ 40 மீதியின்றி வகுக்கும். ஒவ்வொரு ஃபிரேமும் மூன்று முறை காட்டப்படும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒன்று ஒரு முறை, அடுத்தது இரண்டு முறை என்று நொண்டும்.

இதே நொண்டல் வேறு விதத்திலும் வரும். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை கதவைத் திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்சோல் ஒரு ஃபிரேமை 18-ல் முடித்தால் கதவு சாத்தியாகிவிட்டது. அடுத்த திறப்பான 33.3 வரை நிற்க வேண்டும். காத்திருக்காமல் பாதியில் நுழைந்தால், படம் குறுக்கே கிழிந்து தெரியும். விஆர்ஆர் (புதுப்பிக்கும் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி) இந்த விதியையே தலைகீழாக்குகிறது: ஃபிரேம் வரும்போது கதவு திறக்கும். பல டிவிகளில் இது 48 முதல் 120 ஹெர்ட்ஸ் வரைதான் வேலை செய்யும் என்பதால், 30 ஃபிரேம் விளையாட்டில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

வெளிச்சத்துக்கும் இருட்டுக்குமான வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர்தான் அதிகம் பேரைக் குழப்புகிறது. அதன் சிக்னல் 10,000 நிட் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரையான வெளிச்சத்தைச் சொல்ல வல்லது. வீட்டு டிவிகளில் பெரும்பாலானவை அதன் பக்கத்தில்கூட வராது. எட்டாத வெளிச்சத்தை டிவி அமுக்கித் தன் எல்லைக்குள் கொண்டுவருகிறது. சினிமா முன்பே எடுத்து முடிக்கப்பட்டது, அதனால் டிவிக்கு வேறு வழியில்லை. விளையாட்டோ இந்த நொடியில் வரையப்படுகிறது. உங்கள் டிவியின் உச்சம் எவ்வளவு என்று தெரிந்தால், கன்சோலே அதற்கேற்ப வரைந்துவிடும்.

அதைத் தெரிந்துகொள்ளத்தான் கன்சோலின் எச்டிஆர் சரிசெய்யும் திரை. வெள்ளைப் பின்னணியில் மங்கலான ஒரு குறி தெரியும். வெளிச்சத்தை ஒவ்வொரு படியாக ஏற்றினால், குறி கரைந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் பின்னணியோடு கலந்துவிடும். அதற்குமேல் இருக்கும் வேறுபாடுகளை உங்கள் டிவியால் காட்ட முடியாது என்று அர்த்தம். டிவியின் பட அமைப்பில் எச்ஜிஐஜி என்ற தேர்வு இருந்தால், முதலில் அதைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கன்சோல் அமுக்கியதை டிவி மறுபடி அமுக்கும். மேகமும் சூரியனும் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். கேம் மோடுக்கென்று தனிப் பட அமைப்பு இருப்பதால், அதற்கு மாறிய பிறகே இதைச் செய்ய வேண்டும்.

இருட்டுக் காட்சிகளில் எல்லாமே கரிக்கட்டையாகத் தெரிந்தால், கன்சோலிலும் டிவியிலும் உள்ள ஆர்ஜிபி வரம்பு என்ற நிற அமைப்பைப் பாருங்கள். அதில் இரண்டு வகை: ஒன்று கருப்பை 0-விலிருந்து எண்ணும், இன்னொன்று 16-லிருந்து. கன்சோல் 0 என்றும் டிவி 16 என்றும் எண்ணினால், இடையில் உள்ள நிழல்கள் முழுக்கக் காணாமல் போகும். இரண்டிலும் தானியங்கி என்று வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் கன்சோலில் 120 ஹெர்ட்ஸ் தேர்வே வரவில்லையா? டிவியின் பின்பக்கம் பாருங்கள். 4கே படத்தை முழுத் தரத்தில் வினாடிக்கு 120 முறை அனுப்ப எச்டிஎம்ஐ 2.1 வகை இணைப்பு வேண்டும். பல டிவிகளில் நான்கு போர்ட்களில் ஒன்றோ இரண்டோதான் அதற்குத் தோதானவை.