எங்க தெருவுக்கு எப்ப சார் ரோடு போடுவீங்க?

நகராட்சி ரோடு வேலைல இருக்கேன்னு தெரிஞ்சா போதும், எல்லாரும் கேக்குற முதல் கேள்வி இதுதான். அடுத்ததும் கையோட வந்துரும், "பக்கத்து தெரு நல்லாத்தானே சார் இருந்துச்சு, அதுக்குப் போய் செலவு பண்றீங்க, எங்க தெரு குண்டும் குழியுமா கிடக்கு, இது என்ன நியாயம்?" சில எடத்துல அரசியல் புகுந்து விளையாடும், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒழுங்கா பிளான் போடுற ஊர்லயும் சுமாரா இருக்குற ரோட்டுக்குத்தான் பணம் முதல்ல போகும், அதுல ஒரு கணக்கு இருக்கு.

ரோடு எந்த நிலைமைல இருக்குன்னு 0லேர்ந்து 100 வரைக்கும் மார்க் போடுவாங்க, பேவ்மென்ட் கண்டிஷன் இண்டெக்ஸ்னு பேரு, பிசிஐன்னு சுருக்கமா சொல்லுவோம். அமெரிக்க ராணுவ இன்ஜினியர்கள் விமான ஓடுதளத்துக்காக உருவாக்குனது, அப்புறம் ரோட்டுக்கும் வந்துருச்சு. எந்த மாதிரி விரிசல், எவ்வளவு மோசம், எவ்வளவு தூரத்துக்குன்னு அளந்து மார்க்கைக் குறைச்சுக்கிட்டே வருவாங்க. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா புது ரோடு மொத சில வருஷம் மெதுவாத்தான் கெடும், ஒரு கட்டத்துக்கு அப்புறம் மடமடன்னு இறங்கிரும். அந்த இறக்கத்துக்கு முன்னாடியே விரிசலை அடைச்சு மேல ஒரு மெல்லிசு லேயர் போட்டா கம்மி செலவுல பல வருஷம் ஓடும். ஏற்கனவே அடிவரைக்கும் கெட்டுப்போன தெருவை இன்னைக்குத் தோண்டினாலும் ரெண்டு வருஷம் கழிச்சுத் தோண்டினாலும் கிட்டத்தட்ட அதே வேலைதான், அதனால அதுக்குப் பெரிய பணம் வர்ற வரைக்கும் ஒட்டு போட்டே காலத்தை ஓட்டுவாங்க. அந்தத் தெருவுல குடியிருக்கவங்களுக்கு இது கொடுமைதான், ஆனா மோசமான ரோட்டுக்கு மட்டுமே பணத்தைக் கொட்டுற ஊர்ல அஞ்சாறு வருஷத்துல நல்ல ரோடெல்லாம் சேர்ந்து கெட்டு நிக்கும்.

மேல தார் போடுறது வேற, ரோட்டையே புதுசா கட்டுறது வேற. இதைத்தான் பலபேர் குழப்பிக்கிறாங்க. எது தேவைன்னு தெரியணும்னா கோர் எடுக்கணும், அதாவது மெஷின வச்சு ரோட்டை உருளையா அறுத்து வெளிய எடுக்குறது. ஒரு தெருவுல எடுத்தப்ப தார் மேல தார், அது மேல தார்னு அடுக்கடுக்கா வந்துச்சு, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவுல தூசி, கையால பிரிச்சாலே பிரியுது. அதுக்குக் கீழ ஜல்லி இருக்க வேண்டிய எடத்துல ஜல்லியும் களிமண்ணும் கலந்த ஈரச் சகதி. அந்தத் தெருவுக்கு மேல எத்தனை தடவை தார் போட்டாலும் காசு வீண்தான். பழசைச் சுரண்டாம மேல மேல போட்டதுல ரோடு உசந்து, மழைத் தண்ணி வாசல் தாண்டி வீட்டுக்குள்ள போகுது, அது தனிக் கதை.

அடி ஏன் கெடுதுன்னா மொத எதிரி தண்ணி, ரெண்டாவது வெயிட்டு. 1958லேர்ந்து 1960 வரைக்கும் அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல ஒட்டாவா பக்கத்துல ரோடு கட்டி அது மேல ராணுவ வீரர்களை வச்சு லாரிய ஓடவிட்டு டெஸ்ட் பண்ணாங்க, ஆஷோ ரோடு டெஸ்ட்னு சொல்லுவாங்க. அதுல தெரிஞ்சது, அச்சு பாரம், அதாவது வண்டியோட ஒரு அச்சு ரோட்டு மேல இறக்குற வெயிட்டு, ரெண்டு மடங்கானா ரோட்டுக்கு வர்ற சேதம் சுமாரா 16 மடங்கு. அதனால உங்க தெருவ உங்க பைக்கும் காரும் கெடுக்கல, தினம் வர்ற குப்பை லாரியும் தண்ணி லாரியும்தான். அதுக்குன்னு குப்பை லாரிய வேண்டாம்னு சொல்லிற முடியாது, அந்த பாரத்துக்குத் தகுந்த மாதிரி டிசைன் பண்ணணும்.

இனி பணம். ஒரே பையிலேர்ந்து வராது. அடியில இருக்குற குடிநீர் பைப், சாக்கடை பைப் மாத்துறதுக்கு தண்ணி கட்டணத்துல வர்ற பணம், ரோட்டுக்கு சொத்து வரியும் எரிபொருள் வரிப் பங்கும் (எலக்ட்ரிக் வண்டி கூடக்கூட இது குறையும், எல்லா ஊர்லயும் இப்ப இது ஒரு தலைவலி), மேல் அரசாங்கத்து மானியம் வந்தா அதுல நகராட்சியும் ஒரு பங்கு போடணும்னு கண்டிஷன் இருக்கும். சில நாட்டுல தெருவைப் பார்த்த மனை எத்தனை அடி அகலமோ அதுக்குத் தகுந்த மாதிரி வீட்டுக்காரங்ககிட்டயே ஒரு பங்கு வசூல் பண்ணுவாங்க, சண்டை நிச்சயம். பத்தலைன்னா பாண்டு, அதாவது கடன் பத்திரம், விட்டு கடன். இங்க ஒண்ணு கேட்டே ஆகணும், கடன் அடைக்கிற வருஷம் ரோடு தாங்குற வருஷத்தை விட அதிகமா? 8 வருஷத்துல பேந்து போற தாருக்கு 20 வருஷக் கடன்னா, ரோடு போனப்புறம் 12 வருஷம் வட்டி கட்டுறீங்க, நடுவுல மறுபடி ரோடும் போடணும்.

இந்தப் பைகள் தனித்தனி டிபார்ட்மென்ட் கைல இருக்குறதுதான் பெரிய வினை. ரோடு பணம் இந்த வருஷம் வந்துரும், பைப் பணம் அடுத்த வருஷம். விளைவு நீங்க பார்த்ததுதான், புது ரோட்டை மூணு மாசத்துல வெட்டுவாங்க. வெட்டி மூடுன எடத்த எவ்வளவுதான் ரோலர் விட்டு இறுக்கினாலும் பழைய மாதிரி வராது, ஓரம் விரிசல் விட்டு தண்ணி இறங்கும். அதனாலதான் பல நகரத்துல புது ரோட்டை சில வருஷத்துக்கு வெட்டக் கூடாதுன்னு தடை வச்சிருக்காங்க, உங்க ஊர்ல அப்படி ஒண்ணு இருக்கான்னு விசாரிங்க.

ஜேசிபி வந்து நின்னப்புறம் மறிச்சா எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுங்க. நடைபாதை அகலம், மரம், வடிகால் இதெல்லாம் வரைபடம் பாதிகூட முடியாதப்பவே பேசிரணும். டெண்டர் போனப்புறம் சொன்னா அதே மாத்தத்துக்கு காண்ட்ராக்டர் கூடுதல் ரேட்டு கேப்பாரு, அதையும் நாமதான் கட்டணும். நகராட்சிலேர்ந்து ஆளு வந்தா கேக்க வேண்டியது "எப்ப போடுவீங்க"ன்னு இல்ல, "கோர் எடுத்தீங்களா, அடியில பைப் எந்த வருஷத்துது, அது இந்த வேலைல சேர்ந்துருக்கா"ன்னு கேளுங்க.

வேலை முடிஞ்ச தேதியையும் எழுதி வச்சுக்கோங்க. குறைகாப்புக் காலம்னு ஒண்ணு காண்ட்ராக்ட்லயே இருக்கும், அதுக்குள்ள ரோடு உள்வாங்கினா காண்ட்ராக்டர் தன் செலவுல சரி பண்ணணும், அது வரைக்கும் அவரோட பணத்துல ஒரு பங்கைப் பிடிச்சு வச்சிருப்பாங்க. வாய்ல சொன்னா நிக்காது, போட்டோவோட எழுத்துல புகார் கொடுத்து நம்பர் வாங்கிக்கோங்க.