அதிரம்பாக்கம் கைக்கோடாரிக்கு வயது பார்த்தது எப்படி?

சென்னைக்கு வடமேற்கே கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் இருக்கிறது அதிரம்பாக்கம். அங்கே கிடைத்த கைக்கோடாரிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று சொன்னால், "கல் எப்போதுமே பழசுதானே, அதை மனிதன் செதுக்கியது எப்போது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அருமையான கேள்வி.

கைக்கோடாரிக்குக் காம்பு கிடையாது. கையில் பிடிக்கிற அளவு குவார்ட்சைட் என்ற கடினமான கல்லை எடுத்து, இன்னொரு கல்லால் இரண்டு பக்கமும் தட்டித் தட்டிச் சில்லு பெயர்த்து, ஒரு முனையைக் கூராக்கியிருப்பார்கள். சில்லு பெயர்ந்த பள்ளங்கள் வரிசையாக விளிம்பைச் சுற்றி வரும், ஆற்றில் உருண்டு உடைந்த கல்லில் அந்த ஒழுங்கைப் பார்க்க முடியாது. புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒன்றைக் கண்டெடுத்தார், அதே ஆண்டு அதிரம்பாக்கத்துக்கும் வந்துவிட்டார். ஆனால் வயது தெரிய 2011 ஆகிவிட்டது. தொல்லியல் ஆய்வாளர்கள் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவின் பல வருட உழைப்பு அது.

விஷயம் இதுதான். கல் வெளியில் கிடக்கும்வரை விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் அதன்மேல் பட்டு, கல்லிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்துக்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு அணுக்களை ஏறக்குறைய 7-க்கு 1 என்ற கணக்கில் உண்டாக்குகின்றன. மண் மூடி ஆழத்தில் போய்விட்டால் கதிர் எட்டாது, வரவு நின்றுபோகும், இருக்கிற அணுக்கள் தாமாகவே சிதைந்து குறையும் செலவு மட்டும் நடக்கும். அலுமினியம் சுமார் 7 லட்சம் ஆண்டில் பாதியாகும், பெரிலியம் பாதியாக அதைப் போல இரண்டு மடங்கு காலம் பிடிக்கும். அப்படியானால் 14 லட்சம் ஆண்டு புதைந்து கிடந்த கல்லில் அலுமினியம் கால் பங்கு, பெரிலியம் அரைப் பங்கு, 7-க்கு 1 என்றிருந்தது 3.5-க்கு 1 ஆகியிருக்கும். அந்த விகிதத்தை அளந்தால் கல் எப்போது புதைந்தது என்று தெரிந்துவிடும். செதுக்கிய பிறகுதானே புதைந்திருக்க முடியும்!

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. களிமண் படியும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் அன்றைய காந்தப்புலத்தின் திசையைப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கருவிகள் இருந்த களிமண்ணில் திசை தலைகீழாக இருந்தது, பூமியின் காந்தப்புலம் நெடுங்காலம் அப்படி இருந்து திரும்பியது சுமார் 7.8 லட்சம் ஆண்டுக்கு முன்பு. ஆகவே அந்தக் களிமண் அதற்கும் முன்பே படிந்திருக்க வேண்டும். இரண்டு கணக்கும் மோதவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய நிம்மதி.

சரி, செதுக்கியது யார்? நம் ஹோமோ சேப்பியன்ஸ் இனத்தின் மிகப் பழைய எலும்புகளே, மொராக்கோவில் கிடைத்தவை, சுமார் 3 லட்சம் ஆண்டுதான். ஆகவே இது நமக்கு முந்தைய மனித இனத்தின் கைவேலை. அந்த மண்ணில் எருமையின் பல் கிடைத்தது, நீலமானின் பல்லும் கிடைத்தது. செதுக்கியவர்களின் எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.