பாலைவன இரவும் ஊட்டி உறைபனியும்

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். டிசம்பரில் துபாயில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தாராம். காலையில் அல் ஃபஹீதியின் காற்றுக் கோபுர வீடுகள், கழிமுகத்தைக் கடக்கப் படகு, தங்கக் கடைத்தெரு, 828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபா. மூன்று மணிக்கு மேல் ஜீப்பில் ஏறி லஹ்பாபின் செம்மணல் மேடுகளுக்கு. அந்த ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் சுற்றுகிற சுற்றுதான். ஆனால் கூடாரத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவருக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கிறது. "நான்கு மணிக்குக் காலுக்கு இதமாக வெதுவெதுத்த மணல், எட்டரை மணிக்கு எங்கள் ஊர் மார்கழித் தரை போலச் சில்லிட்டுவிட்டது. சால்வை எடுத்துப் போகாமல் நடுங்கினேன். மலை குளிர்வது உயரத்தால் என்று பள்ளியில் படித்தேன். உயரமே இல்லாத பாலைவனம் ஏன் குளிர்கிறது?"

அருமையான கேள்வி. உறைபனியையே பார்த்து வளர்ந்த ஒருவர் கேட்டிருப்பதால் இன்னும் அருமை. ஏனென்றால் இதற்கான விடை ஊட்டியிலும் இருக்கிறது.

உயரத்தை முதலில் முடித்துவிடலாம். ஒரு கிலோமீட்டர் ஏறினால் காற்று சராசரியாக 6.5 டிகிரி குளிர்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியைவிட ஏறத்தாழ 14 டிகிரி குறைவு. ஆனால் இந்தக் கணக்கு மட்டும் உறைபனியைக் கொண்டுவந்துவிடாது. தோள் உயரத்தில் தொங்கும் வெப்பமானி 3 டிகிரி காட்டும் காலையிலும் ஊட்டியை ஒட்டிய தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். காற்று பூஜ்யத்தைத் தொடவில்லை, புல் தொட்டுவிட்டது. காற்றைவிடப் புல் எப்படிக் கூடுதலாகக் குளிர்ந்தது?

உலகில் வெப்பம் உள்ள ஒவ்வொரு பொருளும் ஒளிர்கிறது. நீங்களும் நானும் புல்லும் மணலும் அகச்சிவப்புக் கதிரை இரவு பகலாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறோம். கண்ணுக்குத்தான் தெரியாது. பகலில் சூரியன் கொடுப்பது அதிகம் என்பதால் தரை சூடாகிறது. சூரியன் மறைந்ததும் வரவு நின்றுவிடுகிறது, செலவு நிற்பதில்லை. தரை விடும் கதிரில் ஒரு பகுதியைக் காற்றிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் வாங்கித் திருப்பி அனுப்புகின்றன. மேகம் இருந்தால் அதுவே கம்பளி. "இன்றைக்கு மேகம் போட்டிருக்கிறது, உறைபனி விழாது" என்று நீலகிரித் தோட்டங்களில் சொல்வது சுத்தமான இயற்பியல்.

என்னை எப்போதும் மெய்சிலிர்க்க வைக்கும் இடம் இதற்கு அடுத்தது. நீராவி எல்லா அலைநீளங்களையும் ஒரே மாதிரி மறிப்பதில்லை. 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளங்களை அது பெரும்பாலும் விட்டுவிடுகிறது. அது வளிமண்டலத்தில் திறந்து கிடக்கும் ஒரு ஜன்னல். 15 டிகிரியில் இருக்கும் தரை மிகுதியாக வெளிவிடும் கதிரின் அலைநீளம் என்ன தெரியுமா? ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர். ஜன்னலின் நட்டநடுவே! அந்த ஜன்னலுக்கு அப்பால் மைனஸ் 270 டிகிரியில் கிடக்கும் விண்வெளி. தலைகுந்தாவில் நிற்கும் ஒரு புல்லின் நுனி, இடையில் மறைப்பு எதுவும் இல்லாமல், அந்த மகா குளிரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. வானம் தெளிந்து, காற்று உலர்ந்து, அசைவில்லாமல் இருந்தால் சதுர மீட்டருக்கு 100 வாட் வரைகூட வெப்பம் இப்படி மேலேறிப் போகும். மெல்லிய புல்லில் சேமிப்பு ஏது? சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

நாம் "பனி இறங்குகிறது" என்கிறோம். உண்மையில் எதுவும் இறங்குவதில்லை. வெப்பம் ஏறுகிறது, குளிர்ந்த புல்லின் மேல் பக்கத்துக் காற்றின் ஈரம் படிகிறது. முதலில் நீர்ப்பனி, இன்னும் குளிர்ந்தால் உறைபனி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரியில் காந்தலில் தங்கியிருந்தபோது இதைச் சோதித்துப் பார்த்தேன். பின்கட்டுப் புல்தரையில் இரண்டு எவர்சில்வர் தட்டுகள், இரண்டுக்கும் அடியில் வைக்கோல், இரண்டிலும் அரை விரற்கடைத் தண்ணீர். ஒன்று திறந்த வானத்தின் கீழ். மற்றொன்று நான்கடி தள்ளி, ஒரு பழைய மேஜையின் அடியில். காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தேன். மேஜைக்கு அடியில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. வெளித்தட்டில் நகத்தை விட்டு நெம்பியதும் ஓர் ஏடு அப்பளம் போலப் பெயர்ந்து வந்தது. அதற்குள் ஊசி ஊசியாகக் கோடுகள். எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தியது தரைதான். சுற்றிலும் புல் உப்புத் தூவியது போல வெளுத்திருக்க, மேஜை நின்ற இடத்தில் மட்டும் அதே அளவில் ஒரு பச்சைச் சதுரம். மேஜையும் குளிர்ந்துதான் இருந்தது. ஆனால் விண்வெளி அளவுக்கு இல்லை. அடியில் இருந்த புல் பார்த்தது பலகையை, வானத்தை அல்ல.

இது பழைய வித்தைதான். பனிக்கட்டி இயந்திரம் வருவதற்கு முன்பே அலகாபாத்தில் ஆழமில்லாத மண் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி, வைக்கோல் மேல் வரிசையாக வைத்து, விடியுமுன் பனிக்கட்டி எடுத்தார்கள். இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேயத் தளபதி ராபர்ட் பார்க்கர் இதை 1775இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் விவரித்திருக்கிறார். பாரசீகப் பாலைவன ஊர்களிலும் இதே முறை இருந்தது. 1814இல் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் பஞ்சு போன்ற கம்பளித் துணுக்குகளைப் பலகைக்கு மேலும் கீழும் வைத்து, பனித்துளி பிறக்கும் காரணத்தை விளக்கினார்.

இனி பாலைவனத்துக்கு வருவோம். குளிர்காலத்தில் கடலிலிருந்து தள்ளிய உட்பகுதிக் காற்றில் ஈரம் குறைவு, மேகம் அரிது. ஜன்னல் அகலத் திறந்திருக்கிறது. 2021 ஜனவரியில் அமீரகத்தின் அல் ஐன் அருகே ரக்னாவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழேயே இறங்கியது. அது மலையூர் அல்ல. அதே மகன் வீட்டுக்கு ஆகஸ்டில் போனால் கதை தலைகீழ். சூடான வளைகுடாக் கடல் காற்றை நீராவியால் நிரப்பிவிடும். கடலோர துபாயில் நள்ளிரவிலும் 30 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு. அதே நகரம், அதே இரவு. நீராவிக் கம்பளி போர்த்திக்கொண்டுவிட்டது.

2014இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆஸ்வத் ராமனும் சக ஆய்வாளர்களும் இதே ஜன்னலைப் பயன்படுத்தும் ஒரு பூச்சைச் செய்தார்கள். நேரடி வெயிலில், மின்சாரமே இல்லாமல், அது சுற்றுக் காற்றைவிட 4.9 டிகிரி குளிர்ந்தது. இத்தகைய ஆய்வுக்கு நம் பல்கலைக்கழகங்களில் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். மே மாதத்து வேலூருக்கு இது தேவை. அதைவிட அவசரமான ஒன்று நீலகிரியிலேயே இருக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டுத் தேயிலை தப்பிக்க, நூறடி கீழே இருப்பது ஒரே இரவில் கருகிவிடுகிறது. "பக்கத்துத் தோட்டத்துக்கு ஒன்றுமில்லை, எனக்கு மட்டும் யார் கண் பட்டதோ" என்று ஒரு சிறு விவசாயி திருஷ்டி கழித்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பள்ளத்துக்கு ஒரு வெப்பமானியைப் புல் மட்டத்தில் வைத்து, முன்னிரவிலேயே எச்சரிக்கை தந்திருந்தால், செடிமேல் தழையைப் பரப்பி மூடியிருப்பார். தழை என்ன செய்யும்? என் மேஜை செய்ததைச் செய்யும். அந்த வெப்பமானிகளின் செலவு, ஒரு மலர்க் கண்காட்சி மேடைச் செலவில் சிறு பங்கு.

வாசகிக்கு இன்னும் ஒன்று பாக்கி: நாலரை மணி நேரத்தில் மணல் எப்படி அவ்வளவு சீக்கிரம் குளிர்ந்தது? உலர்ந்த மணலின் பருக்கைகளுக்கு இடையே காற்று நிறைந்திருக்கிறது, வெப்பம் எளிதில் கடக்காது. மேல்தோல் வானத்துக்கு இழப்பதை அடியிலிருக்கும் வெப்பம் உடனே வந்து ஈடு செய்ய முடியாது. அடுத்த முறை போகும்போது சில்லிட்ட மணலில் கையை மணிக்கட்டு வரை புதைத்துப் பாருங்கள் அம்மா. நான்கு மணி வெயில் இன்னும் உள்ளே இருக்கும்.