கலாஞ்சோவை ‘ரணகள்ளி’ எனலாமா?

தடித்த இலையும் கொத்துப் பூவுமாகச் சிறு தொட்டியில் நிற்கும் செடியை நர்சரியில் ‘கலாஞ்சோ’ என்பார்கள். சொல்லின் வேர் சீனத்தில். அங்கே இவ்வகைச் செடி ஒன்றுக்கு வழங்கிய பெயரைப் பிரெஞ்சுத் தாவரவியலாளர் மிசேல் அடான்சன் 1763இல் பேரினப் பெயராக்கினார். நாம் வாங்குவதோ மடகாஸ்கர் செடி. ‘பிளாஸ்ஃபெல்டியானா’ என்ற அதன் இனப்பெயர், 1930களில் அதை ஐரோப்பாவில் பரப்பிய ஜெர்மானிய விதை வணிகர் ராபர்ட் பிளாஸ்ஃபெல்டின் பெயரால் வந்தது.

இதை ‘ரணகள்ளி’ என்று எழுதுவது பிழை. ரணகள்ளி இதன் பங்காளி. ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்று ஊரில் சொல்வது அதைத்தான். இலையை நூலில் கட்டித் தொங்கவிட்டாலே விளிம்பில் கன்று முளைக்கும். கலாஞ்சோ இலையைக் கட்டினால் சுருங்குவதுதான் மிச்சம். இதற்குத் தண்டு வேண்டும்: 3 அங்குலத் துண்டின் அடியிலைகளைக் கிள்ளி, நிழலில் 2 நாள் உலர்த்தி நட வேண்டும். ‘கள்ளி’ என்பதும் பொருந்தாது. முள்ளும் இல்லை, பாலும் இல்லை. (நஞ்சு உண்டு. பூனை, நாய்க்கு எட்டாமல் வையுங்கள்.)

கலாஞ்சோ போன்ற தடித்த இலைச் செடிகளைக் குறிக்கும் ‘சக்குலென்ட்’ என்பது சாறு எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழில் சதைப்பற்றுத் தாவரம். லத்தீன் சாற்றைப் பார்த்தது, தமிழ் சதையைப் பார்த்தது; தண்ணீர் ஊற்றும்போது லத்தீனை நினைத்துக்கொள்வது நல்லது. இலையே குடம். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். இலை மெலிந்து சுருங்கினால் தாகம். மஞ்சளாகிக் கண்ணாடிபோல் குழைந்தால் வேரழுகல். செம்மண் 2 பங்கு, பருமணல் 2, மண்புழு உரம் 1 என்ற கலவையில் நீர் தேங்காது.

கலாஞ்சோவுக்கு உரிய இன்னொரு சொல் ‘குறும்பகல் தாவரம்’: பகல் குறுகி இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும் செடி. பூ உதிர்ந்த செடி மறுபடி மொட்டு வைக்காததற்கு உரக்குறைவைவிட விளக்கு வெளிச்சமே பெரும்பாலும் காரணம். டிசம்பரிலும் சென்னையின் இரவு 13 மணி நேரத்தை எட்டாது. அதிலும் கூடத்து டியூப்லைட் பத்து மணிவரை எரிந்தால் செடிக்கு அது நீண்ட பகல்தான். பழைய பூத்தண்டை வெட்டிவிட்டு, மாலை 5 முதல் காலை 7 வரை அட்டைப்பெட்டியால் மூடுங்கள். பகலில் நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். 6 வாரம் விடாமல் செய்தால் மொட்டு தெரியும்.